குறுக்கே மாற்றாமல் வாய்பாடு எழுதுவது

படிகாரத்தின் வேதி வாய்பாட்டை எழுதச் சொன்னால், நன்றாகப் படிக்கும் மாணவர்களும் ஒரு நிமிடம் தயங்குவார்கள். கால்சியம் குளோரைடு, அலுமினியம் ஆக்சைடு எல்லாம் மளமளவென்று எழுதுபவர்கள்தான். ஆனால் அவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வழி: குறுக்கே மாற்றிப் போடுவது. இதன் மின்சுமை எண் அதற்குக் கீழே, அதன் எண் இதற்குக் கீழே. படிகாரத்திலோ பொட்டாசியம், அலுமினியம், சல்பேட் என்று மூன்று அயனிகள் (மின்சுமை ஏறிய அணுக்கள் அல்லது அணுக்கட்டுகள்). எதை எதோடு மாற்றுவது?

மாற்றவே வேண்டாம். அயனிச் சேர்மத்தின் வாய்பாடு வரவு செலவுக் கணக்கு போன்றது. நேர்மின்சுமை எல்லாம் வரவு, எதிர்மின்சுமை எல்லாம் செலவு, கடைசியில் கையிருப்பு பூஜ்யம். பொட்டாசியம் +1, அலுமினியம் +3, ஆக வரவு 4. ஒரு சல்பேட்டுக்கு −2. இரண்டு சல்பேட் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. பொட்டாசியம் 1, அலுமினியம் 1, சல்பேட் 2. கூடவே படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் நீர், அதாவது படிக நீர், 12. சலூனில் முகம் மழித்த பிறகு தேய்க்கும் அந்தக் கண்ணாடிக் கல்லின் வாய்பாடு இவ்வளவுதான்.

தொடர்வதற்கு முன் ஒன்று. இந்தப் பதிவில் தனிமங்களின் குறியீடுகளை எழுதாமல், ‘கால்சியம் 1, குளோரைடு 2’ என்று பெயரையும் எண்ணையும் மட்டுமே எழுதுகிறேன். காரணத்தோடுதான். முதலில் பெயரிலேயே விகிதத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு குறியீட்டுக்குப் போனால் பாதித் தவறுகள் வராது. படிக்கும்போதே பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் குறியீட்டில் எழுதிப் பாருங்கள். குறியீட்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கோபால்ட்டின் இரண்டாம் எழுத்தைப் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும்.

மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் செய்தே ஆக வேண்டும். தனிம வரிசை அட்டவணையின் 1-ஆம் தொகுதி உலோகங்கள் (லித்தியம், சோடியம், பொட்டாசியம்) +1. 2-ஆம் தொகுதி (மெக்னீசியம், கால்சியம், பேரியம்) +2. அலுமினியம் +3. துத்தநாகத்துக்கு +2, வெள்ளிக்கு +1 என்று வைத்துக்கொள்ளலாம். வலது பக்கம் வந்தால் ஃபுளூரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு −1, ஆக்சைடு, சல்பைடு −2, நைட்ரைடு −3. பல அணுக்கள் சேர்ந்த பல்லணு அயனிகளில் அம்மோனியம் மட்டும் +1. ஹைட்ராக்சைடு, நைட்ரேட், நைட்ரைட், பைகார்பனேட், பெர்மாங்கனேட், அசிட்டேட் எல்லாம் −1. கார்பனேட், சல்பேட், சல்பைட், தயோசல்பேட், குரோமேட், டைகுரோமேட் −2. பாஸ்பேட் −3.

பல்லணு அயனியை மனப்பாடம் செய்யும்போது அணுக்களின் எண்ணிக்கையையும் மின்சுமையையும் சேர்த்தே மனதில் ஏற்ற வேண்டும். சல்பேட்டின் 4 ஆக்சிஜன் நினைவிருந்து −2 நினைவில்லை என்றால் பயனில்லை. அந்த 4-ஐயே மின்சுமை என்று எடுத்துக்கொண்டு எழுதுபவர்களும் நிறைய. ஆக்சிஜன் எண்ணிக்கை வேறு, மின்சுமை வேறு.

இரண்டு, மூன்று மின்சுமை காட்டும் உலோகங்களுக்குப் பெயரிலேயே தகவல் இருக்க வேண்டும். இரும்புக்கு ஃபெரஸ் +2, ஃபெரிக் +3. காப்பருக்கு குப்ரஸ் +1, குப்ரிக் +2. ‘அஸ்’ என்று முடிந்தால் குறைந்தது, ‘இக்’ என்று முடிந்தால் கூடியது. ஆனால் எவ்வளவு என்பதை இந்த ஒட்டுகள் சொல்வதில்லை. ஃபெரஸும் குப்ரிக்கும் இரண்டுமே +2 தான். இந்தக் குழப்பத்துக்காகத்தான் ஆல்ஃப்ரெட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1919-இல் உலோகத்தின் பெயருக்குப் பின்னால் எண்ணையே எழுதிவிடும் முறையைக் கொண்டுவந்தார். இன்று அடைப்புக்குள் ரோமன் எண்ணாக எழுதுகிறோம். அந்த எண் உலோகத்தின் மின்சுமை, அணுக்களின் எண்ணிக்கை இல்லை. ‘இரும்பு மூன்று ஆக்சைடு’ என்றால் மூன்று இரும்பு என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரும்பு +3, ஆக்சைடு −2. வரவு 6, செலவு 6. ஆகவே இரும்பு 2, ஆக்சைடு 3.

இனி, தமிழில் படிப்பவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு சிக்கல். இதைப் பாடப்புத்தகங்கள் போதுமான அளவு எச்சரிப்பதில்லை என்பது என் கருத்து. நைட்ரைடு, நைட்ரைட். சல்பைடு, சல்பைட். நம் எழுத்தில் வல்லின டகரம் ஒன்றுதான், அதனால் இந்த இணைகளுக்கு நடுவே இருப்பது கடைசியில் ஒரு உகரமோ ஒரு புள்ளியோ மட்டும். சிலர் ‘சல்பைட்டு’ என்று இரட்டித்து எழுதுவார்கள். ஆனால் சேர்மங்கள் முற்றிலும் வேறு. சோடியம் சல்பைடில் சோடியம் 2, சல்பர் 1, அவ்வளவே. சோடியம் சல்பைட்டில் சோடியம் 2, சல்பர் 1, ஆக்சிஜன் 3. மெக்னீசியம் நைட்ரைடு என்றால் மெக்னீசியம் 3, நைட்ரஜன் 2, ஏனென்றால் நைட்ரைடு −3. மெக்னீசியம் நைட்ரைட் என்றால் மெக்னீசியம் 1, நைட்ரைட் 2, ஏனென்றால் நைட்ரைட் −1. ஒரு எழுத்தில் மின்சுமையே மாறிவிடுகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை அழகாகத் தீர்த்திருக்கின்றன. அங்கே ‘ட்டு’ ஒரு வகைக்கு, ‘ற்று’ இன்னொரு வகைக்கு. குளோரைட்டு, ஒட்சைட்டு, சல்பைட்டு என்றால் வெறும் தனிம அயனிகள். நைத்திரேற்று, சல்பேற்று, சல்பைற்று என்றால் ஆக்சிஜன் சேர்ந்தவை. கண்ணால் பார்த்தவுடன் பிரித்தறியலாம். ஆனால் இரண்டு கரைப் புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இலங்கையில் ‘சல்பைட்டு’ என்பது ஆக்சிஜன் இல்லாதது, தமிழ்நாட்டில் அதே எழுத்துக்கூட்டலை எழுதுபவர் பெரும்பாலும் ஆக்சிஜன் உள்ளதைச் சொல்கிறார். பெயர் மட்டும் வைத்து எழுதாமல், எந்த வழக்கு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது தேர்வுத்தாளோடு நிற்கும் விஷயமும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளில் தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்ப்பது சோடியம் சல்பைடு. அதில் அமிலம் பட்டால் எழும்புவது ஹைட்ரஜன் சல்பைடு, ஆளைக் கொல்லும் வாயு. சோடியம் சல்பைட்டோ உணவைப் பதப்படுத்தவும் பயன்படுவது. அமிலம் பட்டால் சல்பர் டைஆக்சைடு வரும். அதுவும் மூச்சை அடைக்கும்தான், ஆனால் எதிர்கொள்ள வேண்டிய ஆபத்து வேறு. மூட்டையின் மேல் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுபவர்கள் பக்கத்தில் வாய்பாட்டையும் எழுதிவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கணக்கை நேர் செய்யும் வழிக்கு வருவோம். இரண்டு மின்சுமைகளின் மீச்சிறு பொது மடங்கை எடுங்கள். அலுமினியம் +3, சல்பேட் −2, மீச்சிறு பொது மடங்கு 6. ஆறு நேர்மின்சுமைக்கு இரண்டு அலுமினியம், ஆறு எதிர்மின்சுமைக்கு மூன்று சல்பேட். கால்சியம் +2, பாஸ்பேட் −3, அதுவும் 6. ஆகவே கால்சியம் 3, பாஸ்பேட் 2. மெக்னீசியம் +2, ஆக்சைடு −2, மீச்சிறு பொது மடங்கு 2, ஒன்றுக்கு ஒன்று. வெள்ளீயம் +4, ஆக்சைடு −2, மீச்சிறு பொது மடங்கு 4. வெள்ளீயம் 1, ஆக்சைடு 2. குறுக்கே மாற்றினால் இந்தக் கடைசி இரண்டிலும் 2-க்கு 2, 2-க்கு 4 என்று வந்து, பிறகு சுருக்க வேண்டியிருக்கும். சுருக்க மறப்பதுதான் அந்த முறையின் பெரிய ஓட்டை.

சுருக்கத் தெரிந்துகொண்ட பிறகு வேறொரு தவறு வரும்: சுருக்கக் கூடாததையும் சுருக்குவது. சோடியம் ஆக்சலேட்டில் சோடியம் 2, கார்பன் 2, ஆக்சிஜன் 4. எல்லாம் இரட்டைப்படை எண்கள் என்று இரண்டால் வகுத்துவிட்டால் ஆக்சலேட் அயனியே சிதைந்துவிடும். ஆக்சலேட் என்பது இரண்டு கார்பனும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்த ஒரே கட்டு, அந்தக் கட்டுக்கு மொத்தமாக −2. நாம் எண்ணுவது கட்டுகளை: சோடியம் 2, ஆக்சலேட் 1. 2-க்கு 1-ஐ இனிச் சுருக்க இடமில்லை. அயனிகளின் எண்ணிக்கையை மட்டுமே சுருக்கலாம், அயனிக்குள் இருக்கும் அணுக்களைத் தொடவே கூடாது.

மெர்குரஸ் குளோரைடிலும் இதே கதை. பாதரசம் 2, குளோரின் 2 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ‘இதை ஏன் சுருக்கவில்லை?’ என்று கேட்பது நியாயமான கேள்வி. மெர்குரஸ் அயனி தனி அணு இல்லை. இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இரண்டும் சேர்ந்து +2 வைத்திருக்கின்றன. அதற்கு இரண்டு குளோரைடு. மெர்குரிக் அயனியோ ஒற்றை அணு, +2. அதற்கும் இரண்டு குளோரைடுதான், ஆனால் பாதரசம் ஒன்று. முன்னது நீரில் ஏறக்குறைய கரையாதது, ஒரு காலத்தில் கேலமல் என்ற பெயரில் பேதி மருந்தாகவே கொடுத்தார்கள். பின்னது நீரில் கரையும் கொடிய நஞ்சு.

பெராக்சைடும் இப்படிப்பட்ட கட்டுதான். இரண்டு ஆக்சிஜன் பிணைந்து மொத்தம் −2. இதைப் புரிந்துகொள்ள இரண்டு சேர்மங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பேரியம் 1, ஆக்சிஜன் 2 என்று ஒன்று. காரீயம் 1, ஆக்சிஜன் 2 என்று மற்றொன்று. வாய்பாட்டின் தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பேரியம் 2-ஆம் தொகுதி, +2-க்கு மேல் போகாது. அப்படியானால் அங்குள்ள இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தே −2 ஆக வேண்டும், அது பெராக்சைடு. காரீயம் +4 வரை போகும், எனவே அங்கே இருப்பவை தனித்தனியான இரண்டு ஆக்சைடுகள். கையில் செய்து பார்த்தாலும் இது தெரியும். பேரியம் பெராக்சைடை நீர்த்த அமிலத்தோடு சேர்த்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். 1818-இல் தெனார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதை முதன்முதலில் தயாரித்தது இந்த வழியில்தான். காரீய டைஆக்சைடிலிருந்து அப்படிக் கிடைக்காது.

வாய்பாட்டைப் பார்த்து மின்சுமையைக் கண்டுபிடிக்கும்போது எப்போதும் எதிர் அயனியிலிருந்து தொடங்குங்கள். அதன் மின்சுமைதான் நமக்கு உறுதியாகத் தெரியும். காப்பர் 1, ஆக்சிஜன் 1 என்றால், ஆக்சைடு −2, ஆகவே காப்பர் +2. குறுக்கு முறையைப் பின்னோக்கி ஓட்டுபவர்கள் 1-க்கு 1 என்று பார்த்துக் காப்பர் +1 என்பார்கள். சுருக்கும்போது தொலைந்துபோன 2-ஐ அந்த முறையால் மீட்க முடியாது.

காந்தக் கல்லான மேக்னடைட்டைப் பாருங்கள். இரும்பு 3, ஆக்சிஜன் 4. செலவு 8. மூன்று இரும்புக்கு 8-ஐப் பங்கிட்டால் ஆளுக்கு 8/3 என்று பின்னம் வருகிறது. ஒரு அயனியின் மின்சுமை பின்னமாக இருக்காது. அப்படியானால் எல்லா இரும்பும் ஒரே மாதிரி இல்லை: ஒன்று +2, இரண்டு +3. 2 + 6 = 8. பின்னம் வந்தால் கணக்கு தப்பு என்று உடனே அடித்துவிடாமல், உள்ளே இரண்டு வகை அயனி இருக்கிறதா, அல்லது பிணைந்த கட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடைப்புக்குறிக்கு ஒரே விதி: பல்லணு அயனி ஒன்றுக்கு மேல் இருந்தால் போடு, ஒன்றே என்றால் போடாதே. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு வேண்டாம். நீற்றுச் சுண்ணாம்பான கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு வேண்டும். அங்கே அடைப்பை விட்டுவிட்டால் கீழே போட்ட 2 ஹைட்ரஜனுக்கு மட்டும் போய்ச் சேரும். ஆக்சிஜன் ஒன்று குறைந்து, 74 வர வேண்டிய வாய்பாட்டு நிறை 58 ஆகிவிடும். அலுமினியம் சல்பேட்டில் அடைப்பை விட்டால் இன்னும் மோசம். சல்பேட்டின் 4-க்குப் பக்கத்தில் 3 வந்து உட்கார்ந்து, ஆக்சிஜன் 43 என்று படிக்கும்படி ஆகும். சரியாக எழுதினால் அலுமினியம் 2, சல்பர் 3, ஆக்சிஜன் 12. அம்மோனியம் சல்பேட்டில் அடைப்பு முன்னால் வரும், ஏனென்றால் இரண்டாக இருப்பது அம்மோனியம். அம்மோனியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று கூட்டி ஒரே இடத்தில் எழுதாதீர்கள். அதில் ஒரு நைட்ரஜன் நேர் அயனிக்குச் சொந்தம், இன்னொன்று எதிர் அயனிக்கு.

நேர் அயனி முன்னால், எதிர் அயனி பின்னால் என்பது பொது வழக்கம். அசிட்டேட்டுகளை மட்டும் பலரும் தலைகீழாக, அசிட்டேட்டை முன்னால் வைத்து எழுதுவார்கள். அது தவறு இல்லை.

படிக நீர் மின்சுமைக் கணக்கில் வராது, நீருக்கு மின்சுமை இல்லை. அதனால்தான் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. எடை போடும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும். மயில்துத்தத்தில் காப்பர் 1, சல்பேட் 1, நீர் 5. வாய்பாட்டு நிறை ஏறக்குறைய 249.7, அதில் காப்பர் 63.5, அதாவது 25.4 சதவீதம். பயிர்களின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் ஒரு சதவீதப் போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் எடுப்பார்கள். அந்த ஒரு கிலோவில் உண்மையான காப்பர் சுமார் 254 கிராம். படிக நீரை மறந்து கணக்குப் போட்டால் 398 கிராம் என்று வரும். அதே மயில்துத்தத்தை ஒரு சோதனைக் குழாயில் போட்டு மெதுவாகச் சூடு காட்டுங்கள். நீலம் விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும், குழாயின் மேல்புறக் குளிர்ந்த சுவரில் நீர் முத்து முத்தாகப் படியும். கடைசியில் மிஞ்சும் வெண்பொடி முதல் எடையில் சுமார் 64 சதவீதம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் திரும்பவும் நீலம், கூடவே குழாய் சூடேறும். குழாயைச் சூடேற்றும்போது வாய்ப்பகுதி கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரண்ட நீர் சூடான அடிப்பகுதிக்கு ஓடி வந்து கண்ணாடி விரிசல் விடும்.

மூன்று அயனிச் சேர்மங்களில் இன்னும் இரண்டு. பிளஸ் டூ ஆய்வகத்தில் தரம்பார்க்க (கரைசலின் செறிவை அளக்க) எடுக்கும் மோர் உப்பில் அம்மோனியம், ஃபெரஸ், சல்பேட். இரண்டு அம்மோனியத்துக்கு +2, ஒரு ஃபெரஸுக்கு +2, ஆக வரவு 4, அதற்குச் சல்பேட் 2. நீர் 6. நம் பல்லின் எனாமலில் இருக்கும் கனிமத்தில் கால்சியம் 5, பாஸ்பேட் 3, ஹைட்ராக்சைடு 1. வரவு 10, செலவு 9 + 1. ஃபுளூரைடும் ஹைட்ராக்சைடு போலவே −1 என்பதால், அது வந்து ஹைட்ராக்சைடின் இடத்தில் உட்கார்ந்தாலும் கணக்கு கெடுவதில்லை. பற்பசையில் ஃபுளூரைடு சேர்ப்பதன் பின்னால் இருப்பது இந்த இடமாற்றம்தான்.

இந்த எண்களை ‘மூலக்கூறு வாய்பாடு’ என்று சொல்வது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. உப்பில் மூலக்கூறே கிடையாது. 1913-இல் இயற்பியலாளர்களான பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு உப்புப் படிகத்தைப் பார்த்தபோது தெரிந்தது, ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். யாரும் யாருக்கும் தனி ஜோடி இல்லை. 1-க்கு 1 என்பது முழுப் படிகத்துக்குமான விகிதம். கால்சியம் ஃபுளூரைடு படிகத்தில் ஒவ்வொரு கால்சியத்தைச் சுற்றியும் எட்டு ஃபுளூரைடு, ஒவ்வொரு ஃபுளூரைடைச் சுற்றியும் நான்கு கால்சியம். எட்டுக்கு நான்கு. தாளில் மின்சுமையை நேர் செய்து நாம் எழுதிய 1-க்கு 2, படிகத்துக்குள் அண்டை அயனிகளின் எண்ணிக்கையாக நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்சுமை நேரானால் வாய்பாடு சரி. ஆனால் அப்படி ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. குப்ரிக் அயோடைடு: காப்பர் 1, அயோடைடு 2. கணக்கு சுத்தம். மயில்துத்தக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றிப் பாருங்கள். கரைசல் பழுப்பாகிக் கலங்கும். குப்ரிக் அயனி அயோடைடிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு +1 ஆக இறங்கி, குப்ரஸ் அயோடைடாக வெளிறிய வீழ்படிவாய் அடியில் தங்கும். பழுப்பு நிறம் விடுபட்ட அயோடினுடையது. கொஞ்சம் தயோசல்பேட் விட்டால் பழுப்பு மறைந்து, வீழ்படிவின் வெண்மை தெரியவரும். எத்தனை தயோசல்பேட் செலவானது என்று அளந்தால் கரைசலில் எவ்வளவு காப்பர் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆய்வகங்களில் காப்பரை அளப்பதற்கு இந்த வினையையே பயன்படுத்துகிறார்கள்.